கடல் சூழ் மொறியாவும் முகில் சூழ் ஊவாவும்

மூன்று பக்கம் நீரும் ஒரு பக்கம் நிலமும் சூழ்ந்தது தீபகற்பம் என்று கீழ்வகுப்பிலே நாம் மனனஞ் செய்தோம். மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு உலகத் தீபகற்பங்களுள் ஒன்று மிக நெருங்கிய பழக்கமுடையதாயிற்று. அது கிரேக்க நாட்டின் தென்பாகமாகிய பெலொப்பொனீசு. சரித்திர பாடத்திலே அது ஸ்பார்ட்டா வீரரின் நாடு; வேதபாட வகுப்பிலே அது பவுல் அப்போஸ்தலரிடம் நிருபம் பெற்ற கொரிந்தியரின் நாடு. அதன் மலைகளையும் குடாக்களையும் படத்தில் வரைந்து, வர்ணந் தீட்டி, நாம் புள்ளிகள் பெற்றதுண்டு. ஆனால் எமது லயத்துக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலையிலே எமக்கு முன் வாழ்ந்தோர் யாவர் என்று அன்று எவரேனும் வினவியிருப்பின் விடை தெரியாது விழித்திருப்போம். அக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்கத்துடனேயே எமது மன்றத்தின் மலருக்கு இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். பிழை காணும் பெரியோர் பொறுத்தருள்வாராக.

கிரேக்கத்தையும் ஊவாவையும் ஒருங்கே வைத்துப் பேசுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். அவர்கள் ஒருமுறை அப்புத்தளைக் கடைவீதியில் நின்று இரு புறமும் நோக்குவார்களாக. ஒரு புறம் ஊவாவின் மலைச் சரிவுகள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. மறுபுறம் மலை செங்குத்தாக வீழ்ந்து, தென்னிலங்கைச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றது. வானந் தெளிந்த நாட்களில் அதற்கும் அப்பால் கடல் ஒரு வெள்ளிக் கீற்றாகத் தோன்றும். இரு பள்ளங்களுக்கும் நடுவே ஒரு குறுகிய முகடு. அதன்மேல் எமது பட்டினம். கடலுக்குப் பதிலாக முகில் சூழ்ந்த பூசந்தி என்றே இதனைச் சொல்லலாம். வேறோர் ஒற்றுமையும் உண்டு. கொரிந்துப் பூசந்தியை வெட்டிப் பெலொப்பொனீசைத் தீவாக்கிய கால்வாய் திறக்கப்பட்டது 1893 ஆம் ஆண்டில். அப்புத்தளைக்கு முதன்முதலாகப் புகையிரதம் வந்ததும் அதே 1893 ஆம் ஆண்டிலேதான். அங்கே ஒரு நிலம் துண்டிக்கப்பட்ட ஆண்டில் இங்கே ஒரு மலை உலகத்துடன் இணைக்கப்பட்டது.

ஆயினும் நாம் கூற வந்த ஒற்றுமை இவற்றினும் பெரிது. இரு நிலங்களும் மாறி மாறிப் பல மக்களைக் கண்டவை. இரண்டிலும் "நீ யார்? எங்கிருந்து வந்தாய்?" என்ற கேள்வி மனிதரின் வாழ்வையே அலைக்கழித்தது.

தீபகற்பம் கண்ட மாற்றங்கள்

பெலொப்பொனீசு என்பதற்குப் பெலொப்ஸ் என்பவனின் தீவு என்பது பொருள். இத்தீபகற்பத்தில் மைசீனியர் பெருங் கற்கோட்டைகள் கட்டி ஆண்டனர். அவர்கள் மறைந்தபின் டோரியர் வந்தனர் என்பது கிரேக்கரின் மரபு. டோரிய மொழி பேசிய ஸ்பார்ட்டர் அயலிலுள்ள மெசேனிய நாட்டை வென்று, அதன் மக்களை ஹெலட்டுகள் என்னும் நிலத்தோடு கட்டுண்ட ஊழியராக்கினர். ஸ்பார்ட்டாவின் வீரத்தைப் புகழ்ந்த எமது பாடநூல், அவ்வீரருக்கு உணவு விளைத்த ஹெலட்டுகளைப் பற்றி இரண்டு வரிகளே கூறியது. கி. மு. 371 இல் லெயுக்த்ராப் போரிலே ஸ்பார்ட்டா தோற்றது. அதன்பின், கி. மு. 369 இல், தீபஸ் நகரத் தளபதி எப்பமினோண்டஸ் மெசேனியரை விடுவித்து அவர்களுக்கு ஒரு நகரத்தையும் அமைத்துக் கொடுத்தான். வெளிநாடுகளில் அலைந்த மெசேனியருக்கும் அழைப்பு அனுப்பப்பட்டது. பல தலைமுறைகளின் பின்னும் தம்மை மெசேனியர் என்றே அம்மக்கள் மறவாதிருந்தமை எமக்கு வியப்பைத் தருகின்றது.

பின்வந்த மாற்றங்களை விரைந்து கூறி அமைவோம். கி. மு. 146 இல் உரோமர் கொரிந்து நகரை அழித்தனர். கி. பி. 6 ஆம், 7 ஆம் நூற்றாண்டுகளில் வடக்கிலிருந்து சிலாவியர் இறங்கிக் குடியேறினர். 1204 இல் சிலுவைப் போர்வீரர் கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கைப்பற்றியதும், பிராங்கியப் பிரபுக்கள் இத்தீபகற்பத்தில் அரசு அமைத்தனர். 14 ஆம், 15 ஆம் நூற்றாண்டுகளில் அல்பானியக் குடிகள் மந்தைகளோடு வந்தன. 1460 இல் துருக்கியர் வென்றனர். இடையிலே வெனிசியர் சில காலம் ஆண்டனர். 1715 இல் துருக்கியர் மீண்டும் பிடித்தனர். இக்காலமெல்லாம் நாட்டின் பெயரே மாறி, மொறியா என வழங்கிற்று. 1821 இல் விடுதலைப் போர் மூண்டது. 1827 இல் நவரீனோக் குடாவிலே பிரித்தானிய, பிரெஞ்சு, ருஷ்யக் கப்பற்படைகள் துருக்கிய, எகிப்தியக் கப்பல்களை அழித்த பின்னரே அப்போரின் முடிவு தெளிவாயிற்று.

ஒரு பேராசிரியரின் வாதம்

நவரீனோப் போருக்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1830 இல், ஃபால்மராயர் என்னும், ஜெர்மன் மொழி பேசிய பேராசிரியர் மொறியாத் தீபகற்பத்தின் மத்தியகால வரலாற்றை நூலாக வெளியிட்டார். பழைய கிரேக்க இனம் முற்றாக அழிந்துபோயிற்று என்றும், இன்று அங்குள்ளோர் சிலாவியரினதும் அல்பானியரினதும் சந்ததியாரே என்றும் அவர் வாதித்தார். தமது மண்ணுக்காக இரத்தஞ் சிந்திய மக்களை நோக்கி, அந்த இரத்தமே உமதன்று எனக் கூறியதை யொத்தது அவ்வாதம். கிரேக்க நாட்டில் பெருங் கொந்தளிப்பு எழுந்தது. பப்பறிகோப்புலோஸ் என்னும் இளம் வரலாற்றாசிரியர் 1843 இல் மறுப்பு நூல் எழுதினார்.

ஃபால்மராயர் காட்டிய சான்றுகள் யாவும் பொய்யல்ல. மொறியாவில் சிலாவியப் பெயர் கொண்ட ஊர்கள் இருந்தமை உண்மை. சிலாவியர் வந்தமையும் உண்மை. ஆனால் வந்தவர்கள் காலப்போக்கிற் கிரேக்க மொழியைப் பேசினார்கள். கிரேக்கத் திருச்சபையிற் சேர்ந்தார்கள். அல்பானிய மொழி பேசிய குடிகளும் விடுதலைப் போரிலே கிரேக்கர் பக்கம் நின்றன. தீபகற்பத்தின் கிழக்கோரத்திலுள்ள சில மலைக் கிராமங்களிலோ, பழைய டோரிய மொழியின் வழிவந்த சக்கோனியம் என்னும் பேச்சு இன்றளவும் சிலர் நாவில் வாழ்கின்றது. ஆகவே பழையது முற்றாக அழியவுமில்லை; புதியது அந்நியமாகவே நின்றுவிடவுமில்லை. பேராசிரியரின் தவறு சான்றிலன்று. மக்கட் கூட்டம் என்பதை இரத்தத்தால் மட்டும் அளந்ததே அவர் தவறு. இவ்வளவுகோல் எமது மலையிலும் ஒரு நாள் எடுக்கப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஊவாவின் பழங்குடிகள்

ஊவாவில் முதன்முதல் வாழ்ந்த மனிதரின் பெயரை நாம் அறியோம். அவர்தம் கைவேலையை அறிவோம். பண்டாரவளைக் குன்றுகளிலே அவர்கள் செதுக்கிய சிறு பளிங்குக் கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சியாளர் அவற்றைச் சேகரித்தனர். பின் வேடர். பதுளை மாவட்டத்து மகியங்கனைக்கு அயலிலுள்ள தம்பானையில் இன்றும் அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். 1983 இல் அவர்களுடைய வேட்டைக் காடு மாதுறு ஓயாத் தேசிய வனமாக்கப்பட்டது. இம்மண்ணின் மூத்த குடிகள் எனப்படுவோரே தம் காட்டுக்குள் நுழைவதற்குத் தடை எழுந்தது.

எமது சமயத்தோடு வேடருக்குள்ள தொடர்பை இந்து இளைஞராகிய நாம் மறத்தலாகாது. கதிர்காமம் ஊவா மாகாணத்துக்கு உட்பட்டது. அங்கே முருகன் மணந்த வள்ளி வேடர் குலத்தவள். பூசை செய்வோர் சிங்களக் கப்புறாளைமார். காவடி எடுப்போர் தமிழர். அதே வளவில் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. ஊவாவின் மக்கள் வரலாறு முழுவதையும் ஓரிடத்திற் காண விரும்புவோர் மாணிக்க கங்கைக் கரைக்குச் சென்றாற் போதும்.

சிங்கள அரசர் காலத்தில் ஊவா தனித்துக் கிடந்த காடன்று. வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள புதுருவகலவில் ஒரே பாறையிற் செதுக்கப்பட்ட ஏழு உருவங்களும், அங்கு ஒருகாலத்தில் மகாயான பௌத்தம் நிலவியதைக் காட்டுகின்றன. 10 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பதுளைத் தூண் சாசனம், ஹோப்பிட்டிகம என்னும் சந்தையூரிலே அதிகாரிகள் செய்த அநீதியை வணிகர் அரசனிடம் முறையிட, அவன் விதித்த ஒழுங்குகளைக் கூறுகின்றது. உத்தியோகத்தர் மீது குறை கூறி மனுக் கொடுக்கும் வழக்கம் ஊவாவில் ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது போலும்!

போத்துக்கேயரும் ஊவாவிற் புகுந்தனர். 1630 இல் அவர்களது தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பதுளையை எரித்துத் திரும்புகையில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படையாற் சூழப்பட்டு மாண்டான். அவனோடு வந்த லஸ்கரீன் வீரர் பலர் போரின் நடுவே கண்டியரின் பக்கம் சேர்ந்துகொண்டனர்.

1818: எமது பாடநூல் சொல்லாத கதை

1815 இல் கண்டி அரசு பிரித்தானியர் வசமாயிற்று. தென்னிந்திய நாயக்க மரபைச் சேர்ந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டான். மூன்று ஆண்டுகளுக்குள் ஊவாவும் வெல்லசையும் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சியின் தலைவனாக முடிசூடியவன் தன்னை நாயக்க அரச குடும்பத்துத் துரைசாமி என்றே அறிவித்துக்கொண்டான். அவன் உண்மையில் வில்பாவே என்னும் சிங்களவன் என்பது பின்னர் வெளிப்பட்டது. எனினும், 1817 இல் ஊவாவின் சிங்களக் குடியானவர்களை ஒன்றுதிரட்டிய பெயர் துரைசாமி என்பதை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அரசனின் மொழியையும் மரபையும் அன்று அம்மக்கள் அந்நியமாக எண்ணவில்லை.

பதுளையில் அதிகாரம் வகித்த வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்தார். 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். பிரௌன்றிக் தேசாதிபதியின் படைகள் வீடுகளை எரித்தன. நெல்லையும் கால்நடையையும் அழித்தன. போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் மாண்ட சுதேசிகள் பதினாயிரம் பேர்வரை இருக்கலாம் எனப் படையோடிருந்த வைத்தியர் ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட நூலில் மதிப்பிட்டார். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமோ, கிராமத்தவர் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த காடுகளை, உறுதியில்லாத காரணத்தால் அரசாங்கத்துக்குரியனவாக்கிற்று. அக்காடுகளே துரைமாருக்கு விற்கப்பட்டன.

இதனை நாம் விரித்துக் கூறியதற்குக் காரணமுண்டு. எமது மூதாதையர் இங்கு வருமுன்னரே இம்மண்ணுக்கு ஒரு பெருந்துயர் நேர்ந்திருந்தது. அயற் கிராமத்துச் சிங்களச் சகோதரரின் நினைவில் அத்துயர் உண்டு. அதனைச் செய்தவர் எம்மவரல்லர். எனினும் அதனை அறியாதிருப்பது எமக்கு அழகன்று.

கோப்பியும் தேயிலையும் கொண்டுவந்த மக்கள்

கோப்பித் தோட்டங்களுக்கென எமது முன்னோர் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக நடந்து, அங்கிருந்து மலையேறினர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலே மாண்டவர்க்குக் கல்லறையுமில்லை, கணக்குமில்லை. கோப்பி பருவப் பயிராதலின், அறுவடை முடிய ஊர் திரும்பியோர் பலர். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதனிடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே, வந்தவர் தங்கினர்; லயங்கள் எழுந்தன; லயத்தருகே மாரியம்மன் கோயில் எழுந்தது. துண்டுமுறைக் கடன் ஒரு கையைக் கட்ட, பெரட்டுக் களத்து மணி மறு கையைக் கட்டிற்று. இவர்களை ஹெலட்டுகள் என்று நாம் கூறமாட்டோம். விற்று வாங்கும் அடிமைகள் என்றுங் கூறமாட்டோம். ஆயினும் வேலை நின்றால் வீடும் இல்லை என்ற நிலையிலே வாழ்ந்தவன் முழுச் சுதந்திரன் என்றும் எவ்வாறு கூறுவது?

வந்து போனோரும் இம்மலையிற் பலர். யானைகளை ஆயிரத்துக்கு மேலாகச் சுட்டுத் தள்ளிய மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரி 1845 இல் இதே அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து, தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கி, எம்மவர் பறித்த கொழுந்தால் உலகப் புகழ் பெற்றார். 1900 இல் தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போவர்கள் ஏறக்குறைய 5,000 பேர் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்த எங்கல்பிறெக்ட் என்பவர் நாடு திரும்பாது இலங்கையிலேயே தங்கி, யால வனத்தின் காவலராயிருந்து இங்கேயே மாண்டார். புகையிரதத்தோடு யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும், கரையோரச் சிங்கள வணிகரும், முஸ்லிம் கடைக்காரரும், பறங்கியரும் வந்தனர். 1924 இல் பாதை பதுளையை எட்டியது. எமது கடைவீதியின் பெயர்ப் பலகைகளை வாசித்தாலே ஒரு சரித்திர பாடம் கிடைக்கும்.

அளவுகோல் எடுக்கப்பட்ட நாள்

1947 ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு நாடு சுதந்திரமடைந்தது; அதே 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தந்தையோ பாட்டனோ இங்கு பிறந்தமையை நிரூபிக்கும்படி அது கேட்டது. பிறப்புப் பதிவு அருமையாயிருந்த தோட்டத்திலே இப்பத்திரத்தை எங்கே தேடுவது? 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிட்டியது. ஏனையோர் வாக்கும் நாடும் அற்றவராயினர். ஃபால்மராயரின் அளவுகோல் நூலிலிருந்து இறங்கிச் சட்டமாக வந்தால் எவ்வாறிருக்கும் என்பதை எமது பாட்டன்மார் அறிந்துகொண்டனர்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டது. மீதி 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் செம்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் விருப்பம் கேட்டு அக்கணக்கு எழுதப்படவில்லை. இதற்கு முன்னோடியும் கிரேக்க நாட்டிலேயே உண்டு. 1923 இல் கிரேக்கமும் துருக்கியும் மதத்தை அளவுகோலாகக் கொண்டு மக்களைப் பரிமாறின. துருக்கி மொழியன்றி வேறு மொழி அறியாத கிறித்தவர்களும் கிரேக்கர் எனப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். எம்மவரும் அவ்வாறே. பதுளையிலும் அப்புத்தளையிலும் தலைமன்னாருக்கெனப் புறப்பட்ட வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். மேடையில் நின்றவளும் வண்டியில் இருந்தவளும் உடன்பிறந்த சகோதரிகளாயிருந்தனர். இங்கே இந்தியாக்காரர் எனப்பட்டவர், நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறியபின் சிலோன்காரர் எனப்பட்டனர். இரு கரையும் அவர்களை மறுகரையார் என்றே அழைத்தது.

1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்கள் பலரை வன்னிக்கு விரட்டின. 1984 இல் கப்பல் நின்றது. இறுதியாக, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு இந்நாட்டின் பிரஜாவுரிமையை வழங்கியது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்! மெசேனியரின் பொறுமை எமக்குப் புதியதன்று.

எனினும் பிரஜாவுரிமை வேறு, நிலவுரிமை வேறு. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, எமது முகட்டின் கீழே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லய வரிசைகளை மூடிற்று. வாக்குரிமை உடையவராயும், கால் வைக்கத் தமக்கென ஒரு சாண் நிலம் இல்லாதவராயும் அம்மக்கள் மண்ணுள் மறைந்தனர்.

இளைஞர் செய்யத்தக்கது

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? ஊவாவில் எவரும் முதல்வருமல்லர், எவரும் கடைசியுமல்லர். இதனைக் கூறும்போது எமது பெரியோர் சிலரின் மனம் வருந்தலாம். எல்லவில் இராவணன் பெயரால் நீர்வீழ்ச்சி உண்டு, அவன் தமிழ் மன்னன், ஆகவே இம்மலை ஆதியிலேயே எமது என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். புராணம் போற்றத்தக்கது, அதனைக் கேட்டே நாமும் வளர்ந்தோம். ஆனால் உரிமை வழக்குக்குப் புராணத்தைச் சாட்சியாக அழைப்போமாயின், மறுதரப்பாரும் தமது புராணத்தை அழைப்பர். அப்போது வழக்கு முடியாது, பகையே முடிவின்றி நீளும். இராவணன் ஆண்டதனால் அன்று. எமது பாட்டிமார் கூடை சுமந்ததனால், எமது குழந்தைகள் பிறந்ததனால், எமது இறந்தோர் இம்மண்ணில் உறங்குவதனால் இம்மலை எமக்கும் உரியது. இவ்வழக்குக்குச் சாட்சி தேடிக் காவியம் புரட்ட வேண்டியதில்லை. தேயிலை வேரைத் தோண்டினாற் போதும்.

அச்சாட்சியைப் பதிந்து வைப்பதே இளைஞரின் கடமை. 2023 இல், மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்தனர். நடக்க இயலாதோர் எழுதலாமன்றோ? ஒவ்வொரு தோட்டத்திலும் முதியோர் ஒருவரையேனும் அமர்த்தி, அவர் குடும்பம் எவ்வூரிலிருந்து, யார் பின்னே, எவ்வழியாக வந்தது என்று கேட்டெழுதுவோம். தகரப் பெட்டியிலுள்ள பழைய துண்டையும், பிறப்புப் பத்திரத்தையும், கோயிற் கணக்குப் புத்தகத்தையும் கறையான் தின்னுமுன் காப்போம். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் அறிந்த வாத்தியார்மார் உள்ளபோதே அவற்றைக் குறித்துக்கொள்வோம். அதனோடு நில்லாது, அயற் கிராமத்து முதியவரிடமும் சென்று 1818 இன் கதையை அவர் மொழியிலேயே கேட்போம். தம்பானை வேடரின் கதையையும் கேட்போம். தன் துயரை மட்டும் எழுதுவது புலம்பல். அயலவன் துயரையும் சேர்த்து எழுதுவதே வரலாறு.

கிரேக்க நாட்டின் படத்தை நாம் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரைவோம். எமக்குப் பின் இம்மன்றத்தில் அமரப்போகும் தம்பி தங்கையர் அதனோடு ஊவாவின் படத்தையும் வரைவார்களாக. அப்படத்தில் அப்புத்தளை முகட்டுக்கு மேலே ஒரு புள்ளியிட்டு, இங்கே இன்னார் இன்னார் வாழ்ந்தனர், அவர்களோடு நாமும் வாழ்கின்றோம் எனத் தயங்காது எழுதுவார்களாக.